கல்லீரலுக்கு வயது கேட்டவர்

"கொலுசக் கழட்டுங்க" என்பதுதான் அவரிடமிருந்து எல்லாப் பெற்றோரும் கேட்ட முதற் சொல். கொலுசு, அரைஞாண், கையில் இறுகப் பிடித்திருக்கும் பொம்மைக் கார் ஆகிய அனைத்தையும் நீக்கிய பிறகே குழந்தை எடைக்கருவியில் ஏறும். வந்தவர் அமைச்சரின் உறவினரேயானாலும் இதில் விலக்கு இல்லை. பின்னலாடை நிறுவன முதலாளி ஒருவர் தம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் அவருடைய வண்டி அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒரு கொலுசு எவ்வளவு வெயிட் இருந்துறப் போகுதுங்க? சரக்கு வாங்கற பயர் வெளிநாட்டுல இருந்து வந்து உட்கார்ந்திருக்கறாருங்க. சும்மா எழுதிக் குடுங்க, போயர்றேன்."

"கொலுசு ஈரல் வழியாப் போகாதுங்க. நான் ஈரலுக்குத்தான் மருந்து எழுதறேன். கழட்டுங்க."

அவர் கழற்றினார். பயர் காத்திருந்தார். பேத்தி மட்டும் தன் கால் இலேசானதை வியந்து, எடைக்கருவியின்மேல் நின்று குதித்தாள். எண் நிலைகொள்ளும்வரை மருத்துவர் பேனாவைத் திறக்கவில்லை.

அவர் குழந்தைகள் மருத்துவர். ஊத்துக்குளிப் பக்கத்தில் பிறந்து, வெளியூர்களில் படித்து, திருப்பூருக்கு வந்து தங்கிவிட்டவர். அவிநாசி சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில் மாடியில் அவருடைய மருத்துவமனை இருந்தது. அதன் கீழே என் மருந்துக்கடை. உருவம் சிறியது, குரல் பெரியது. மாடியில் அவர் ஒரு தாயைக் கடிந்துகொண்டால், கீழே என் கடையில் நிற்கும் வேறொரு தாய் தன் குழந்தையின் சட்டையைச் சரிசெய்வாள். ஐயம் என்பது அவருடைய இயல்பில் குறைவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போதுகூட அதை உறுதியோடு சொல்வார். "எனக்குத் தெரியலீங்க, கோயமுத்தூருக்குப் போங்க" என்று அவர் சொன்ன தொனியில், தெரியாமையும் ஒரு தீர்ப்பைப்போல ஒலித்தது.

தெருவில் அவருக்கு ஈரல் டாக்டர் என்று பெயர். எந்தப் பேச்சும் அவரிடம் சென்றால் கல்லீரலில் போய் முடியும். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்தபோது, "கறிக்கடைன்னு நெனச்சுட்டு யாராவது தூக்குப்போசியோட மாடி ஏறிறப் போறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் பெயரை மறுக்கவில்லை.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்யப்பட்ட பெரியவர் என்ற எண்ணமே அவருக்குப் பிடிக்காத எண்ணம். பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துப் பாதியோ காலோ கொடுத்தோம் என்று யாராவது சொன்னால் அவருடைய மூக்குக் கண்ணாடி மேசைக்கு வந்துவிடும். கண்ணாடி மேசைக்கு வந்தால் அடுத்து வருவது வசவு என்று செவிலியருக்குத் தெரியும். செவிலியர் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். நிறுவனங்களின் முதலுதவிப் பெட்டியிலிருந்து காய்ச்சல் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டில் குழந்தைக்கு உடைத்துக் கொடுப்பது அப்போது பின்னலாடைத் தொழிலாளர்களிடையே பரவலான வழக்கம். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்னும் நிலையில், அந்தப் பெட்டியே அவர்களுக்கு மருத்துவமனை. அவர்களை மருத்துவர் கடிந்துகொள்வார். ஆனால் பார்த்ததற்குக் கட்டணம் வாங்காமல் அனுப்பிவிடுவார்.

ஒருநாள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெண்ணொருத்தி, பிறந்து ஒரு மாதம்கூட நிறையாத ஆண் குழந்தையைக் கொண்டுவந்தாள். அவள் பனியன்களில் பழுது பார்த்துப் பிரிக்கும் பிரிவில் வேலை செய்தவள். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினாலும் எழவில்லை.

"சளி கட்டிக் கர்ரு கர்ருன்னு இழுத்தான் டாக்டர். மூத்தவனுக்கு நீங்க குடுத்த மருந்து வீட்டுல இருந்துச்சு. அவனுக்கு ஒரு மூடி குடுப்போம். இவன் சின்னப் பிள்ளன்னு ரெண்டே ரெண்டு சொட்டுதான் விட்டேன். இப்பம் பால் குடிக்கக்கூட முழிக்க மாட்டேங்கான்."

எத்தனை முறை கொடுத்தாள் என்று மருத்துவர் கேட்டார். முந்தைய நாள் காலையிலிருந்து, இழுக்கும்போதெல்லாம் என்றாள். கண்ணாடி மேசைக்கு வந்தது. ஆனால் வசவு வரவில்லை. வண்டிக்குச் சொல்லச் செவிலியரை அனுப்பிவிட்டு, குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே அவளிடம் பேசினார்.

"ஏம்மா, உங்க கம்பெனியில புது மெஷின் வந்து எறங்கினா அன்னைக்கே ஓடுமா?"

"அதெப்படி ஓடும்? கரண்டு குடுக்கணும், ஆளு வந்து மாட்டணும்லா."

"இவன் ஈரல்ல மெஷினெல்லாம் எறங்கிக் கெடக்குது. பாதி மெஷினுக்கு இன்னும் கரண்டு வரல. மூத்தவன் ஈரலு அந்த மருந்த ஒடைச்சு வெளிய தள்ளிரும். இவனுக்குத் தள்ளறதுக்கு ஆளில்ல. நேத்து விட்ட சொட்டு, இன்னைக்கு விட்ட சொட்டு, எல்லாம் உள்ளயே சுத்திட்டுக் கெடக்குது."

குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே கண்காணிப்பில் வைத்தார்கள். அது கண்விழித்து வீறிட்ட ஓசையைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் அவர் உணவுக்கு எழுந்தார். அன்று அவர் உணவு உண்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

கல்லீரலைப் பற்றிய அவருடைய செய்தி இரண்டு பகுதிகளை உடையது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் பிறந்த குழந்தையின் கல்லீரலில் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சில பிறவியிலேயே வேலை செய்கின்றன. சிலவற்றுக்கு வாரங்கள் வேண்டும், சிலவற்றுக்கு மாதங்கள். ஆகவே பச்சிளங் குழந்தைக்கு மருந்து மெதுவாகவே வடியும். இது முதற்பகுதி. இதை எல்லோரும் எளிதில் நம்பினார்கள். சின்ன உயிர், தாங்காது என்று நம் மனம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. இரண்டாம் பகுதியைத்தான் ஒருவரும் நம்பவில்லை. நடக்கவும் ஓடவும் தொடங்கிய குழந்தையின் கல்லீரல், உடலின் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களுடையதைவிடப் பெரியது. பல மருந்துகளைப் பெரியவர்களைவிட விரைவாகவே அது வெளியேற்றிவிடுகிறது. ஆகவே அந்தப் பருவத்தில், எடைக்கு எடை கணக்கிட்டால், சில மருந்துகள் பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். வளர வளர அந்த விரைவு தணியும். கல்லீரலின் வளர்ச்சி படிக்கட்டைப்போல ஏறிக்கொண்டே செல்வது அன்று. குன்றைப்போல ஏறி இறங்குவது. குன்றின் எந்தப் பக்கத்தில் குழந்தை நிற்கிறது என்று தெரியாமல் மருந்தெழுதுவது அவருக்கு இயலாத செயல்.

நம்பாதவர்களுள் ஒருவர் என் கடைக்கு வாடிக்கையாளர். பின்னலாடை நிறுவனமொன்றில் ஆடைகளின் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டித் தரும் பேட்டன் மாஸ்டர். திருமுருகன்பூண்டியிலிருந்து வருபவர், அமைதியானவர், நூலளவும் பிசகாத கை. இளமையிலேயே அவருக்கு வலிப்பு உண்டு. கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவரிடம் பார்த்து, மாதந்தோறும் என்னிடம் மாத்திரை வாங்கிச் செல்வார். அவருடைய ஒரே மகளுக்கு நான்கு வயதில் அதே நோய் வந்தது. நம் மருத்துவர் அவளுக்கும் அதே மருந்தை, நீர்ம வடிவில், எழுதினார்.

மகளின் எடை தந்தையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். மருந்தோ தந்தை உண்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மாஸ்டருக்கு அது ஒப்பவில்லை. மாடியிலேயே கேட்டிருக்கிறார்.

"கொழந்தைக்கு இவ்வளவுங்களா டாக்டரம்மா?"

"ஆமாங்க. இவ்வளவுதான்."

அதற்குமேல் மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. தமக்குத் தெளிவாக இருப்பது பிறருக்கும் தெளிவாகவே இருக்கும் என்று எண்ணிவிடுவது உறுதி மிக்கவர்களின் குறை. அவருக்கும் அது இருந்தது.

வலிப்பு நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தபோது, "மருந்து ஒழுங்காக் குடுக்கறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். "ஒரு வேளைகூடத் தவறலீங்க" என்றார் மாஸ்டர். அது முழு உண்மை. மருத்துவர் எடையை மீண்டும் பார்த்து, அளவை ஒரு படி உயர்த்தி எழுதினார். அதன் பிறகு ஒருநாள், மழலையர் பள்ளியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி விழுந்தாள். இம்முறை வலிப்பு எளிதில் அடங்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசியால் அடக்க வேண்டியிருந்தது. கண்விழித்தபோது அவளுக்குச் சிறிது நேரம் தன் தாயை அடையாளம் தெரியவில்லை.

மருத்துவர் அவளுடைய இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். முடிவு வந்த அன்று, அரிதாகவே கீழே இறங்கும் அவர், என் கடைக்கு வந்தார்.

"ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவுல பாதிகூட இல்லீங்க. நாலு வயசு ஈரல் வேகமா ஓடுந்தான். ஆனா இந்த வேகத்துல எந்த ஈரலும் ஓடாது. நாளைக்கு அவங்க வர்றப்ப அந்த மருந்துல ஒரு புட்டியும், ஊசியில்லாத சிரிஞ்சும் எடுத்துட்டு நீங்க மேல வாங்க."

மறுநாள் நான் எடுத்துச் சென்றேன். மாஸ்டர் தம் மனைவியோடும் மகளோடும் அமர்ந்திருந்தார். மருத்துவர் குற்றம் எதையும் சொல்லவில்லை. புட்டியையும் சிரிஞ்சையும் அவர் முன் வைத்தார்.

"மாஸ்டர், ஊட்டுல குடுக்கற மாதிரி ஒரு வேளை மருந்து எடுங்க பாக்கலாம்."

மாஸ்டர் எடுத்தார். அது பழகிய கை. தனக்குத் தெரிந்த கோட்டுக்கு நேராகச் சென்று, அங்கேயே நின்றது. மருத்துவர் எழுதிக் கொடுத்த கோடு அதற்கு வெகு மேலே இருந்தது. தம் கை நின்ற இடத்தைத் தாமே பார்த்த பிறகுதான் அவருக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கியது. சிரிஞ்சை மெல்ல மேசையில் வைத்தார்.

"நாந்தான் குடுப்பேன்னு இவரே குடுப்பாருங்க" என்றாள் அவர் மனைவி. "புள்ள மேல பாசம்னு நெனச்சுட்டனுங்க."

"பாசந்தானுங்க" என்றார் மாஸ்டர். "இந்த மருந்து எனக்குத் தெரியுமுங்க. ஒருக்கா அளவக் கூட்டினப்ப ரெண்டு நாள் தலை சுத்திப் படுத்துட்டேன். எழுவது கிலோ ஆளு எனக்கே அப்படின்னா, இந்தக் குஞ்சு எப்படீங்க தாங்கும்? அதனால என்ற வெயிட்டு எவ்வளவு, இவ வெயிட்டு எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, அதுக்குத் தக்கனக் கொறச்சனுங்க. எங்க தொழில்ல அப்படித்தானுங்க. ஒரு சைஸு வெட்டிட்டா மத்த சைஸெல்லாம் கணக்குத்தான்."

"செரி. பெரியவங்க போடற பனியனோட பேட்டன எடுத்து, அதே கணக்குல சுருக்கி, ஒரு வயசுக் கொழந்தைக்கு வெட்டிருவீங்களா?"

"அதெப்படீங்க?" மாஸ்டரின் குரலில், அந்நிலையிலும், தொழில் தெரியாதவரிடம் பேசும் பொறுமை வந்தது. "தலை நுழையாதுங்களே. கொழந்தைக்கு ஒடம்புக்குத் தலை பெருசுங்க. கழுத்து அகலமா வெக்கோணும். தோள்பட்டையில பட்டன் வெக்கோணும். பேபி சைஸுக்குக் கணக்கே வேறீங்க."

"எந்த வயசு வரைக்கும்?"

"அது வளர வளர மாறுமுங்க. ஒவ்வொரு வயசுக்கும்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் மகள் மேசையிலிருந்த புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஈரலுக்கும் கணக்கு வேறதானுங்க" என்றார் மருத்துவர். "இவளுக்கு ஒடம்புக்கு ஈரல் பெருசு. நீங்க அடுத்த வேள குடுக்கறதுக்கு முன்னாலயே அது தொடச்சு வெச்சுருது."

மாஸ்டர் கைகூப்ப எழுந்தார். மருத்துவர் அவரை உட்காரச் சொன்னார். அதன்பின் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தாம் சென்ற முறை அளவை உயர்த்தி எழுதிய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"நீங்க கொறச்சுக் குடுக்கறது தெரியாம நான் கூட்டிட்டேன். திடீர்னு ஒருநாள் மனசு மாறி இத முழுசாக் குடுத்திருந்தீங்கன்னா இவ எந்திரிக்காமப் படுத்திருப்பா. நான் எடையப் பார்த்தேன், கையப் பாக்கல. இப்ப நீங்க குடுக்கற அளவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டப் போறோம். நான் மொதல்ல எழுதின அளவுக்கு வந்ததும் மறுபடி ரத்தம் பாப்போம்."

இதைச் சொன்னபோதும் அவருடைய குரல் தணியவில்லை. தம் பிழையையும் பிறருடைய பிழையைச் சொல்லும் அதே ஓசையில்தான் சொன்னார். அன்று முதல் எந்தப் பெற்றோரும் மருந்தை ஒருமுறை சிரிஞ்சில் எடுத்துக் காட்டாமல் அந்த மாடியைவிட்டு இறங்கியதில்லை. நோயாளிகள் கூட்டம் படிக்கட்டு வரை நின்றாலும் அவர் அதை விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இது ஆஸ்பத்திரியா, டிரைனிங் சென்டருங்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ரெண்டுந்தானுங்க. நீங்க அடுத்த பேட்ச்சு" என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

சிறுமியின் வலிப்பு நின்றது. அவள் பள்ளிக்குப் போனாள், வளர்ந்தாள். எடை கூடக்கூட மருந்தும் கூடியது. நீர்மம் போய் மாத்திரை வந்தது. இடையில் ஒருமுறை மருத்துவர் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார். வலிப்பு மீண்டது. உடனே மருந்தைத் தொடர்ந்தார். அந்த ஒரு நாள் மாஸ்டரின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதன் பிறகு அவர் என் கடையில் மாத்திரை வாங்கும்போது அட்டையைப் பிரித்து, ஒவ்வொரு குமிழிலும் மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். மருந்து தவறியது என்பதே அந்த வீட்டில் இல்லை. மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கு அவரும் பின்னாலேயே இருசக்கர வண்டியில் ஊட்டி வரைக்கும் போனார் என்று சொல்வார்கள்.

பூப்பெய்தும் வயதை அவள் நெருங்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மீண்டும் மாடியேறினார். மகள் நடக்கையில் தள்ளாடுகிறாள், வகுப்பில் உறங்கிவிடுகிறாள். இரத்தம் பார்த்தார்கள். மருந்து அளவுக்கு மேல் தேங்கியிருந்தது. அதே மருந்தில் குறைந்த அளவுள்ள மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு மருத்துவர் என்னை அழைத்தார். இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு நான் மேலே சென்றபோது உள்ளே வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"கொறைக்காதீங்க டாக்டரம்மா. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். இந்த அளவுலதானுங்க இத்தன வருசம் ஒண்ணும் வராம இருக்குது."

"அன்னைக்குக் குடுங்கன்னேன், கொறச்சீங்க. இன்னைக்குக் கொறைங்கன்னா குடுப்பேங்கறீங்க. ஏனுங்க மாஸ்டர், நான் சொல்றத ஒருதடவயாச்சும் அப்படியே கேக்கறதா உத்தேசம் இருக்குதுங்களா?"

மாஸ்டரின் மனைவி சிரித்துவிட்டாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"நாலு வயசுல இவ ஈரல் ஷிப்மெண்ட் நேரத்துக் கம்பெனிங்க. ராவும் பகலும் ஓடுச்சு. இப்பப் பெரியவங்க ஷிப்டுக்கு எறங்கிட்டு வருது. வேகம் கொறஞ்சுருச்சு. நீங்க அதே வேகத்துக்குச் சரக்கு எறக்கிட்டே இருந்தா எங்க போய் நிக்கும்? தலையிலதான், கண்ணுலதான்."

"நிறுத்திப் பார்த்தீங்களே, அப்ப வந்துச்சுங்களே."

"வந்துச்சு. அது நிறுத்தினது. இது அளவு."

"கொறச்சா வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

"தர மாட்டேன். இப்படியே குடுத்தா இவ படிக்கட்டுல உருளுவான்னு வேணும்னா இப்பவே எழுதித் தர்றேன்."

அதுவரை பேசாமல் இருந்த சிறுமி, தந்தையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உங்க பயத்துக்கு நான் மாத்திரை முழுங்க முடியாதுப்பா."

மருத்துவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். நான் அறிந்தவரை, அந்த அறையில் அவர் மற்றொருவருக்கு இடம் விட்டது அப்போதுதான். மாஸ்டர் மகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மேசையின் விளிம்பை அளப்பவைபோல நகர்ந்துகொண்டிருந்தன.

மருத்துவர் என் கையிலிருந்த குறைந்த அளவு மாத்திரை அட்டையை வாங்கி, சிறுமியிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படி கண்ணு."

அவள் அட்டையைக் கையில் வாங்கினாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு, நெடுநாளாகச் செய்து பழகிய ஒருவரைப்போல, இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டு, அந்தப் பொடி எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின்றிப் படித்தாள்.

"எதுக்குச் சாமி கண்ணப் பொத்தறே?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ரெண்டு ரெண்டாத் தெரியுதுப்பா. ஒண்ண மூடிட்டா ஒண்ணாயிரும். ஸ்கூல்லயும் இப்படித்தான் படிக்கறேன்."

மாஸ்டர் அந்தச் சிறிய உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெல்ல அவள் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, அட்டையை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இதுலயே ஒரு மாசத்துக்குக் குடுத்துருங்க" என்றார்.